எமகண்டத்துக்கு முன் நான்கு நிமிடங்கள்

துருவைச் சுரண்டத் தொடங்கினால் நிறுத்த முடியாது. ஒரு சதக் காசளவுதானே என்று உளியை வைப்போம். பொழுதுபடுவதற்குள் கதவின் அடிப்பாகம் முழுவதும் பொருபொருவென்று கையில் வந்துவிடும். சிட்னிப் புறநகர் குவேக்கர்ஸ் ஹில்லில், என் வீட்டுக் கராஜில், நான்கு வருடங்கள் நான் செய்த வேலை இதுதான். எந்த வேலையிலும் நிலைத்து நிற்காதவன், எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம்வரை எழுதாதவன், ஒரு பழைய இரும்பின் முன்னால் மட்டும் நான்கு வருடம் முழங்காலில் நின்றேன்.

எழுபதுகளில் அவுஸ்திரேலியாவிலேயே செய்த இரட்டைக் கதவுக் கார். நீண்ட மூக்கு, எட்டுச் சிலிண்டர், பாயப் பதுங்கிய மிருகம்போல உயர்ந்த பின்பக்கம். மலைகளுக்கு அப்பால் ஒரு பண்ணைக் கொட்டகையில் அதைக் கண்டபோது பின்சீற்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மனைவி கேட்டாள், "இஞ்சாருங்கோ, இதை வீட்டை கொண்டுபோறதோ? கோழியை மட்டும் கொண்டுபோவமே?"

ஏன் அந்த வண்டி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அழகு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். உண்மை வேறு. வந்த புதிதில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து அறைக்கு நடந்துபோன ஒரு பின்னேரம், அதே இனத்து வண்டி ஒன்று என்னைத் தாண்டிப் போனது. உள்ளேயிருந்து எவனோ எதையோ கத்தி, பாதி குடித்த மில்க் ஷேக்கை என்மேல் எறிந்தான். சேர்ட்டைக் கழுவினேன். கறை போனது. அந்த எஞ்சினின் சத்தம் மட்டும் நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்துவிட்டது, உருளும் கடல்போல. அவமானத்தை வெறுக்கத் தெரியாமல் அதன் சத்தத்தை நேசித்தவன் நான்.

அன்று அறைக்குப் போனபோது கதவைத் திறந்தவன்தான் என் நண்பன். மன்னார்க் கடற்கரைக் கத்தோலிக்கன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒரே அறை, ஒரே ரைஸ் குக்கர், ஒருவர் படுத்தெழும்பிய மெத்தையில் மற்றவர். சேர்ட்டைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், பால் அபிஷேகமோ?" என்றான். இருவரும் சிரித்தோம். பிறகு அவன் போய் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான்.

அவன் செவன் ஹில்ஸில் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். வருடங்கள் போகப்போக அங்கே எல்லாரும் கடைசியாக வந்து கேட்கிற ஆள் அவனானான். நீண்ட ஸ்குரூடிரைவர் ஒன்றின் நுனியை ஓடும் எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். கண்கள் மூடியிருக்கும். வாய் சற்றே திறந்திருக்கும். பூசையில் நிற்கும்போதுகூட அவன் முகம் அப்படி இருந்து நான் கண்டதில்லை.

வண்டி வந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். தகரம் எனக்கு, எஞ்சின் அவனுக்கு. சனிக்கிழமைகளில் வருவான். கதிரையை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு போல்ற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளில் வரிசையாக வைப்பான். மனைவி தேத்தண்ணி கொண்டுவருவாள். "அண்ணா, இது எப்ப ஓடும்?" என்று கேட்பாள். "உன்ர மனுசன் கவிதை எழுதி முடிக்கிற அண்டைக்கு, தங்கச்சி" என்பான். "அப்ப ஓடாது" என்று அவள் உள்ளே போவாள்.

அவனிடம் ஒரு குறை இருந்தது. காரணம் சொல்லமாட்டான். இதைத் தொடு, அதைத் தொடாதே, அவ்வளவுதான். ஏன் என்றால், "சொன்னா உனக்கு விளங்குமே?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கோ ஒரு மணல்போல உறுத்திக்கொண்டே இருந்தது. இருபது வருட நட்புக்குள்ளும் அப்படி ஒரு மணல் கிடக்கும்.

கடைசிச் சனிக்கிழமை எல்லாம் பூட்டி முடிந்தது. ஒயில் விட்டான், தண்ணீர் விட்டான், பற்றறியைக் கொழுவினான். கையைத் துடைத்துக்கொண்டு, கார்ச் சாவியைக் காட்டிச் சொன்னான்.

"நாளைக்குப் பூசை முடிய வாறன். ஒரு பன்னிரண்டேகாலுக்கு ஸ்டார்ட் பண்ணுவம். நான் வரமட்டும் திறப்பைத் தொடாத."

மனைவி சுவரில் மாட்டியிருந்த கோயில் கலண்டரைப் பார்த்தாள். சிட்னி நேரத்துக்குக் கணித்து அச்சடித்தது. "அண்ணா, நாளைக்குப் பன்னிரண்டிலயிருந்து ஒண்டரைமட்டும் எமகண்டம்."

"இஞ்ச கோடை வந்தவுடனை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி விடுறாங்கள். எமன் எந்த மணிக்கூட்டைப் பாத்து வாறவர்?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவன் போனபிறகு, எங்களுக்குத் தெரிந்த வழியை அவள் சொன்னாள். எந்தக் காரியத்தையும் நல்ல நேரத்தில் பேருக்கு ஒருதரம் தொடங்கிவிட்டால் போதும், மிச்சத்தை எப்போது செய்தாலும் தோஷமில்லை. வீடு கட்ட ஒரு கல். பயணத்துக்கு ஒரு பையை வாசலுக்கு வெளியே எடுத்து வைப்பது. "காலமை ஏழு பத்துக்கு நல்ல நேரம். சும்மா ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப்போட்டு நிப்பாட்டுங்கோ. அவருக்கு ஏன் சொல்லுவான்?"

நான் எதையும் நம்புகிறவன் அல்ல. எழுத்திலும் பேச்சிலும் இதையெல்லாம் கிண்டல் செய்தவன். ஆனாலும் நான்கு வருட உழைப்பின் முன்னால் நின்றபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அவளைச் சாட்டிச் சொல்ல விரும்பவில்லை. திறப்பைத் திருப்பியது என் கை.

ஞாயிறு காலை ஏழு பத்து. பொனற்றில் சந்தனம், குங்குமம். ரயர்களுக்குக் கீழே தேசிக்காய். அவள் சாம்பிராணித் தட்டோடு நின்றாள். திறப்பைத் திருப்பினேன். பெற்றோல் இன்னும் எஞ்சின்வரை ஏறியிருக்கவில்லை. உறுமியது, நின்றது. மறுபடி. மறுபடி. ஏழாவதோ எட்டாவதோ தடவையில் பிடித்தது. கராஜ் முழுவதும் அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்து வந்து தூங்கும் ஒரு நர்ஸ். அவளை எழுப்பிவிடக் கூடாது என்று அக்சிலரேற்றரில் காலே வைக்கவில்லை. எவ்வளவு மெதுவாக ஓடவிடலாமோ அவ்வளவு மெதுவாக ஓடவிட்டேன். அந்தப் பழைய சத்தம், என் சேர்ட்டை நனைத்த சத்தம், இப்போது எனக்குக் கீழே, என் கைக்குக் கட்டுப்பட்டு. நிறுத்த மனம் வரவில்லை. நான்கு நிமிடம் இருந்தேன். கண் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு சந்தனத்தைத் துடைத்தேன், தேசிக்காய்களைக் குப்பையில் போட்டேன். புகை மணத்தைச் சாம்பிராணி மூடிவிட்டது.

பன்னிரண்டேகாலுக்கு அவன் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு வந்தான். மூக்கை உறிஞ்சினான். "என்ன, வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்கே? சாம்பிராணி போட்டிருக்கிறியள்." மனைவி குசினிக்குள் போய்விட்டாள்.

அவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு திறப்பைத் திருப்பினான்.

முதல் திறப்பிலேயே பிடித்தது.

அவன் முகத்தை நான் மறக்கமாட்டேன். ஐம்பது வயது மனுசன் குழந்தைபோலக் கத்தினான். "முதல் திறப்பு மச்சான்! புது எஞ்சின் எங்கையாவது முதல் திறப்பிலை பிடிச்சுக் கண்டிருக்கிறியே? பட்டறையிலகூட நான் காணேல்ல!" எஞ்சின் வேகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இருபது நிமிடம் காலை எடுக்கவே இல்லை. நர்ஸ் எழும்பி வந்து வேலியால் எட்டிப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். எனக்குத் தெரியும், காலையில் நான் உறுமவைத்து உறுமவைத்து ஏற்றிய பெற்றோல்தான் அது. ஒரு மனுசனின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லவனாக இருப்பதுபோலவே இருந்தது.

ஐந்தாவது கிழமை, எஞ்சினுக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம். பிறகு ஏற்றங்களில் இருமல். அவன் வந்து ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தான். அன்றைக்கு முகம் வேறு மாதிரி இருந்தது. ஒயிலை வடித்தபோது அதில் வெள்ளித்தூள் மினுங்கியது. இரண்டு சனிக்கிழமைகள் எடுத்து எல்லாவற்றையும் கழற்றினான். வால்வுகளைத் தூக்கி இறக்கும் நீளத் தண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அதில் முட்டை முட்டையாகப் புடைத்திருக்க வேண்டிய இடங்களில் மூன்று தேய்ந்து மழுங்கிப்போயிருந்தன.

அப்போதுதான், முதல்முறையாக, காரணம் சொன்னான். "இந்தத் தண்டு புதுசா இருக்கேக்க, முதல் தரம் ஓடுற இருபது நிமிசம்தான் இதின்ர சீவியம். பிடிச்ச உடனை வேகத்தை ஏத்திப் பிடிக்கவேணும். அப்பதான் ஒயில் தெறிச்சு இதிலை படும். மெல்ல ஓடவிட்டா இரும்பும் இரும்பும் உரஞ்சி, அண்டைக்கே செத்துப்போகும். பிறகு என்ன செய்தும் பிரயோசனமில்லை." பிறகு என்னைப் பார்த்தான். சந்தேகத்தோடு அல்ல. ஒரு வைத்தியர் கேட்பதுபோல. "நான் வர முதல் ஆராவது ஸ்டார்ட் பண்ணினீங்களே?"

தேத்தண்ணிக் கோப்பைகளோடு மனைவி வாசலில் நின்றாள். ஒரு ஓம் போதும். இரண்டு எழுத்து. ஆனால் அந்த ஓமோடு சாம்பிராணியும் தேசிக்காயும் எமகண்டமும் வெளியே வரும். அவன் சிரிப்பான். சொன்னா உனக்கு விளங்குமே என்ற அதே சிரிப்பு.

"இல்லை" என்றேன்.

அவன் தலையாட்டினான். தண்டை ஒரு பழந்துணியில் சுற்றினான். "அப்ப என்ர பிழைதான். பூட்டேக்க தண்டிலை பூசின பசை போதாமல் போயிருக்கும். வயசும் போகுதெல்லே."

அவன் போனபிறகு மனைவி சொன்னாள், "நீங்கள் சொல்லியிருக்கலாம்."

"நீயும் நிண்டனீதானே."

கலண்டரில் அவள் இப்போதும் தாள் கிழிக்கிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதில்லை.

அவன் அந்தத் தண்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய், தானே எல்லாருக்கும் காட்டியிருக்கிறான். என்ர கையால கெட்டது என்று. அவன் அப்படிப்பட்டவன். சில மாதங்களில் எஞ்சின் பூட்டும் மேசையை விட்டுவிட்டு, சாமான் எடுத்துக் கொடுக்கும் கவுண்டருக்குப் போய்விட்டான். "கையை நம்பேலாமல் கிடக்கு மச்சான். ஒரு போல்ற்றை மூண்டு தரம் இறுக்கிப் பாக்கிறன்" என்று போனில் சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓய்வெடு என்றேன். சனிக்கிழமைகளில் அவன் வருவது நின்றது. பென்ரித் பக்கத்தில் வேறொருவனிடம் எஞ்சினைக் கொடுத்துப் பூட்டுவித்தேன். வண்டி ஓடியது. சிவப்பும் இல்லாமல் செம்மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறம் அடித்தேன். சிக்னலில் நின்றால் ஆட்கள் கண்ணாடியை இறக்கிப் பேசுகிறார்கள். யாரும் எதையும் எறிவதில்லை.

இரண்டு வருடங்கள் போயிருந்தன. போன மாதம் வென்ட்வேர்த்வில்லில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க்கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடி மனைவிக்குப் போன் எடுத்து, அரிசி மாவா குரக்கன் மாவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவன். கையில் இரண்டு பைகள். ஒன்றில் கருவாட்டு மணம். தலை முழுக்க நரைத்திருந்தது. பைகளைக் கீழே வைத்துவிட்டு, பொனற்றில் உள்ளங்கையை விரித்து வைத்தான். கண்கள் மூடின. வாய் சற்றே திறந்தது.

"நல்லாப் பாடுது" என்றான். "ஆர் செய்தது?"

சொன்னேன். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். பிள்ளைகளின் சுகம் கேட்டோம். பொனற்றிலிருந்து கையை அவன் எடுக்கவில்லை.

"எண்டாலும் மச்சான், அண்டைக்கு முதல் திறப்பிலை பிடிச்சது பார். மற்றதெல்லாம் என்ர பிழைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அது என்ர கைதானே. நித்திரை வராட்டி அதை நினைச்சுக்கொண்டு படுப்பன்."

அப்போது சொன்னேன். இரண்டு வருடமாக அடக்கிவைத்தது, யோசிக்காமல் வந்து விழுந்தது. ஏழு பத்து. நல்ல நேரம். அவன் சிரிப்பானென்று பயந்து மறைத்ததையும் சொன்னேன். நர்ஸைப் பற்றிக்கூடச் சொன்னேன், ஏதோ அவள் சாட்சிக்கு வரப்போவதுபோல.

அவன் கோபப்படவில்லை. பட்டறைக்காரனுக்கு முதலில் வருகிற கேள்விதான் வந்தது.

"எத்தினை நிமிசம் ஓட விட்டனீ?"

"நாலு இருக்கும்."

"மெல்லமாவோ?"

"ஓம்."

"தண்டு சாக நாலு காணும்" என்றான்.

ஒரு ரயில் வந்து நின்று போனது. அவன் ஏதோ கணக்குப் பார்க்கிறவன்போல பொனற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பொய்யைத் திருப்பிக் கொடுத்தால் அவன் கை அவனுக்குத் திரும்பிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். நான் மறந்திருந்தது ஒன்று. அவன் அதை மறக்கவில்லை.

"அப்ப முதல் திறப்பிலை பிடிச்சதும் என்ர இல்லை" என்றான். "நீ முந்தியே பெற்றோலை ஏத்தி வைச்சிட்டாய்."

கையை எடுத்தான். உள்ளங்கையின் ஈரம் பொனற்றில் ஐந்து விரலாகப் படிந்திருந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கவே சுருங்கி மறைந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டான்.

"சிரிச்சிருப்பன்தான்" என்றான், போகத் திரும்பியவன். "ஒரு நாள் முழுக்க உன்னை வைச்சுச் சிரிச்சிருப்பன். பிறகு புதுத்தண்டு ஒண்டு போட்டிருப்பன். அவ்வளவுதானே, விசரா."

வண்டிக்குள் திரும்ப ஏறி, ஸ்டேஷன் படிகளில் அவன் மறையும்வரை இருந்தேன். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்கக் கூடாது என்று காத்திருந்தேன். பின்னால் ஒரு கார் என் இடத்துக்காகச் சிக்னல் போட்டபடி நின்றது. ஹோர்ன் அடித்தது. பிறகு இன்னொருதரம் அடித்தது. வேறு வழியில்லாமல் திறப்பைத் திருப்பினேன்.

முதல் திறப்பிலேயே பிடித்தது.