லம்துவான் அக்கா காயப்போட்ட துணிகள்

பாங்காக்கில் எங்கள் சந்தில் சலவைக்கடை வைத்திருக்கும் லம்துவான் அக்காவுக்கு சொங்கிரான் புத்தாண்டு என்றாலே ஆகாது. ஊரே தண்ணீரை வாரி இறைத்து ஆட்டம் போடும் அந்த நாட்களில், மடியில் மூங்கில் கழியோடு கடை வாசலில் உட்கார்ந்துவிடுவாள்.

"வருசம் பூரா தண்ணிக்குள்ளயே கெடக்கேன். இப்பவாவது காய விடுங்க. எவனாவது வாளியத் தூக்குனீங்க, தொலைஞ்சீங்க!"

எதிரே நூடுல்ஸ் விற்கும் நான்கூட வாயால் வாழ்த்துச் சொல்வதோடு சரி. அக்கா பதினேழு வயதில் வடகிழக்கே சுரின் மாகாணத்திலிருந்து தனியாக வந்து, கைத்துவையலில் தொடங்கி, இரண்டு இயந்திரமும் ஒரு புருஷனும் சம்பாதித்தவள். இயந்திரங்களாவது வேலை செய்யும் என்பாள்.

அந்த வருடம் புத்தாண்டுக்கு முந்தின நாள் ஸ்லோவேனியாவிலிருந்து ஒரு ஜோடி வந்து இறங்கியது. நேஷா, மாத்தேய். ஆளுக்கொரு முதுகு மூட்டை. அவர்கள் சந்துக்குள் திரும்புவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பஸ்ஸில் யாருடைய மீன் சாஸ் பாட்டிலோ உடைந்து மொத்தமும் அந்த மூட்டைகளில் இறங்கியிருந்தது.

லம்துவான் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "உடுத்தியிருக்கிறதையும் சேத்துக் கழட்டுங்க!"

அவளே உள்ளே போய்த் தன் பட்டுக் கைலியையும் ஒரு மேல்சட்டையையும் நேஷாவுக்கும், புருஷன் பிரயூனின் பூப்போட்ட சட்டையையும் குத்துச்சண்டை டிராயரையும் மாத்தேய்க்கும் கொடுத்தாள். நெட்டையான நேஷாவுக்குக் கைலி முழங்காலோடு நின்றது. மாத்தேய்க்குச் சட்டைப் பொத்தான் ஒன்றுகூட எட்டவில்லை.

"என் சட்டைக்கு இப்பத்தான் ஒரு களை வந்திருக்கு," என்றான் பிரயூன்.

"உள்ள இருக்கிற ஆளு மாறிட்டான்ல," என்றாள் அவள்.

மறுநாள் காலை, மாடிக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தபோது பழக்கடைக்காரரின் பிக்கப் வண்டி சந்துமுனையைக் கடந்தது. பீப்பாயிலிருந்து குழாய் வழியே பீய்ச்சினார்கள். கொடி முழுக்க நனைந்து, பண்டிகைக்கு முகத்தில் பூசவென்று தண்ணீரில் கரைத்திருந்த வெள்ளைச் சாந்தும் அப்பிக்கொண்டது. அக்கா வைத வசவை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் மறுபடி துவைத்தாள்.

துணி கேட்டு வந்த ஜோடியிடம் "நாளைக்கு" என்று சைகை காட்டினாள். அவர்களுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. முகமெல்லாம் சாந்தோடு, தலையில் யாரோ சூட்டிய மல்லிகைச் சரத்தோடு, கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

அடுத்த நாளும் துணி முக்கால்வாசி காய்ந்திருக்கையில் அதே வண்டி, அதே பீய்ச்சல். லம்துவான் கழியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். பின்னாலேயே சந்து முழுக்க ஓடியது. வண்டியை மறித்து நின்று, "எவன்டா அவன், எறங்குடா கீழ!" என்று கத்தினாள்.

குழாயைப் பிடித்திருந்தது நேஷா. இடுப்பில் அக்காவின் பட்டுக் கைலியேதான். தன் துணியைத் தானே இரண்டு நாளாக நனைத்துக்கொண்டிருக்கிறாள்! மாத்தேய் நிமிர்ந்து கொடியைப் பார்த்தான். தன் கால்சட்டையை அடையாளம் கண்டு தலையில் கை வைத்தான். நேஷா பதறித் திரும்பினாள். குழாயும் கூடவே திரும்பி, அக்காவை உச்சந்தலையிலிருந்து குளிப்பாட்டியது.

ஓடிவந்த நாங்கள் எல்லோரும் இரண்டடி பின்வாங்கினோம். பிரயூன் மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டான்.

அக்கா கழியைக் கீழே போட்டாள். வண்டியில் ஏறி, குழாயை வாங்கி, முதலில் புருஷனை நனைத்தாள். அடுத்து என்னை, என் அடுப்பை. அப்புறம்தான் நேஷாவைப் பார்த்தாள். இருவரும் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வண்டிய எடுய்யா! ஆத்தோரம் வரைக்கும் போ!"

"அக்கா, கடை தெறந்து கெடக்கு!" என்று நான் கத்தினேன்.

"நனைஞ்ச துணிய எவன் திருடப்போறான்? நீயும் ஏறுடி!"

அடுப்பு அணைந்த பிறகு எனக்கு என்ன வேலை? ஏறிக்கொண்டேன். இருட்டும்வரை ஊரையே நனைத்தோம்.

நான்காம் நாள் அரைகுறையாகக் காய்ந்த உடையில் ஜோடி வடக்கே ரயிலேறியது. அக்காவுக்கு ஒரு வாரம் குரலே எழும்பவில்லை. வாடிக்கையாளர்களிடம் கையாட்டிப் பேசினாள். என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் பேச வராமல் சிரிப்புத்தான் வந்தது.