அரபாபின் தோட்டா மிஷின்

என் மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தெரியும் என்று சொல்லிவிட்டார். கல்ஃபுக்கு வந்தவர்கள் யாரும் அரபாபிடம், அதாவது முதலாளியிடம், "தெரியாது" என்று சொல்லமாட்டார்கள் பிள்ளைகளே. வண்டி ஓட்டத் தெரியுமா? தெரியும். பிரியாணி போடத் தெரியுமா? தெரியும். பேரீச்சை மரம் ஏறத் தெரியுமா? பிறந்ததிலிருந்தே ஏறுகிறேன். முதலில் தலையை ஆட்டிவிட வேண்டும். பிறகு ரூமுக்கு வந்து, தெரிந்தவன் யார் என்று தேட வேண்டும். அப்படித் தேடியதில் மாமாவுக்குக் கிடைத்தவன் நான்.

அப்போது நாங்கள் புஜைராவில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாமா, அம்மாவின் தம்பி, ஓர் அரபி வீட்டில் டிரைவர். எங்கள் ஃபிளாட்டின் ஹாலில்தான் அவருக்குப் படுக்கை. நான் நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். ஊரில் அத்தைக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். பிள்ளை பிறக்கும்போது கூட இருக்கவேண்டும் என்று மாமா லீவு கேட்டிருந்தார்.

அரபாப் ஒரு நிபந்தனை போட்டார். அவருக்குத் துப்பாக்கி சுடுவதில் பெரிய ஆசை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் மைதானத்துக்குப் போய், ஆகாயத்தில் பறந்து வரும் மண்தட்டுகளைச் சுடுவார். சுட்டு முடித்ததும் கீழே கிடக்கும் காலித் தோட்டாக் கூடுகளை மாமா பொறுக்கி அரிசிச் சாக்கில் போடுவார். வெளிநாட்டில் படிக்கும் அரபாபின் மகன், அந்தக் காலிக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்புகிற மிஷின் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான். கூடவே தடியாய் ஒரு புத்தகம். மகனுக்குப் போன் போட்டால், "எல்லாம் புத்தகத்துல இருக்கு" என்றானாம். அரபாபுக்கு அரபி மட்டும்தான் வாசிக்க வரும். மிஷின் ஓடினால் லீவு, அதுதான் பேச்சு.

"கண்ணு கொஞ்சம் மங்கலு அரபாப். அக்கா மகன் வாசிப்பான், நான் அர்த்தம் சொல்றேன்" என்று மாமா சமாளித்திருந்தார்.

அம்மாவிடம் ஆட்டுக்குட்டி காட்டக் கூட்டிப்போவதாகச் சொன்னார். பொய் இல்லை. அரபாபின் தோட்டத்தில் ஆட்டுக்குட்டிகளும் இருந்தன.

மலையடிவாரத்தில் பேரீச்சந்தோப்பு. நடுவில் ஏசி போட்ட ஒரு ஷெட். உள்ளே மேசையில், பெரிய கைப்பிடி வைத்த பச்சை நிற மிஷின் ஒன்றை முறுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் கரும்பு பிழிகிற மிஷின் மாதிரி இருந்தது. சுவரை ஒட்டி அரிசிச் சாக்கு. சாக்கில் சிவப்புக் கூடுகள், அடியில் பித்தளைப் பூண். எனக்கு ஒன்று கிடைத்தால் பென்சிலுக்கு மூடி போடலாமே என்று ஆசையாக இருந்தது. அதைத் தவிர, அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அரபாப் வெண்தாடி வைத்த பெரியவர். என்னைத் தனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"எழுத்து விடாம வாசி மாப்ளே. உன் வாயிலதான் இருக்கு எனக்கு லீவு" என்றார் மாமா.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை வாசித்து, தமிழில் சொன்னேன். "இந்த வேலை நடக்கிற ரூமுக்குள்ள சின்னப் பிள்ளைகளை விடக்கூடாது."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"ஷு யகூல்?" என்றார் அரபாப். என்ன சொல்கிறது என்று கேட்கிறார்.

"புத்தகம் சலாம் சொல்லுது அரபாப்" என்றார் மாமா, தன் இந்தியும் அரபியும் கலந்த பாஷையில்.

"வ அலைக்கும் சலாம்" என்று அரபாப் புத்தகத்தைப் பார்த்து மரியாதையாகப் பதில் சொன்னார்.

"அடுத்த பக்கம் போடா" என்றார் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்றைக்கு முழுவதும் எது எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பதிலேயே போனது. நான் இங்கிலீஷில் வாசித்து, தெரிந்த மட்டும் தமிழில் சொல்வேன். மாமா அதை இந்தி அரபியாக்குவார். அரபாப் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார். அது அதே வழியில் திரும்பி என்னிடம் வரும்போது, முதலில் என்ன வாசித்தேன் என்பதே எனக்கு மறந்திருக்கும். ஆனாலும் மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "மாமா, தோட்டா கடையில விக்காதா?"

"விக்கும். பொட்டி பொட்டியா வாங்கி வச்சிருக்காரு."

"அப்புறம் எதுக்கு வீட்டுல செய்றாரு?"

"கடையில மாவு விக்கிது. உங்கம்மா எதுக்கு வீட்டுல அரைக்கிறா? அது மாதிரிதான்."

அம்மா அரைப்பதை நாங்கள் சாப்பிடுகிறோம். இவர் செய்வதைத் தட்டு மேல் சுடுகிறார். இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடுகளைத் துடைத்து அடுக்கினோம். மாமா உற்சாகமாக இருந்தார். ஊருக்குக் கொண்டுபோகப் பிள்ளைக்குத் துணிமணியெல்லாம் வாங்கிவிட்டார். "அடுத்த வாரம் மருந்து போட்டுட்டா கலாஸ்டா மாப்ளே, கதை முடிஞ்சுது. டிக்கெட்டுதான்" என்றார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அரபாப் ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார். உள்ளே கருப்பாய், கடுகு உடைத்த மாதிரி இருந்தது. சிநேகிதர் யாரோ கொடுத்ததாம். நான் வாசித்தேன். இன்ன மருந்து என்று நிச்சயமாகத் தெரியாததைத் தொடாதே என்றிருந்தது. அதற்குக் கீழே, நெருப்பு எதையும் அண்டவிடாதே என்றிருந்தது. மாமா இரண்டையும் ஒழுங்காகவே எடுத்துச் சொன்னார்.

"நார் மாஃபி, நார் மாஃபி" என்றார் அரபாப். நெருப்பு இல்லை, இல்லவே இல்லை. சட்டைப்பையிலிருந்த லைட்டரை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தார். எனக்கு நெஞ்சைத் தடவிக்காட்டிச் சிரித்தார். அவ்வளவு கவனமான மனிதர்.

அந்த நேரத்தில்தான் வீட்டுச் சமையல்கார பாய் வழக்கம்போல டீயும் அதற்குப் பின்னால் தூபக்காலும் கொண்டுவந்தார். அரபி வீடுகளில் விருந்தாளிக்கு டீ கொடுத்தபிறகு, கங்கில் அகில்கட்டை போட்டுப் புகை காட்டுவார்கள். சட்டையெல்லாம் மணக்க அனுப்பினால்தான் அவர்களுக்கு மரியாதை. போன இரண்டு வாரமும் வெளியே வாசலில் காட்டினார்கள். அன்றைக்கு எனக்குப் பெரிய மரியாதை. அரபாபே தூபக்காலைக் கையில் வாங்கினார். புகை போதவில்லை என்று கங்கை "பூ" என்று ஒரு ஊது ஊதி, என் தாடைக்குக் கீழே பிடித்தார். அது நெருப்பென்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நல்ல வாசனையை இழுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது தூபக்கால் இல்லை. மாமா அதை அரபாபின் கையிலிருந்தே பிடுங்கி, வெறுங்கையால் அடியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தார். அரபாப் வாயைத் திறந்தபடி நின்றார். ஒரு டிரைவர் தன் கையிலிருந்து ஒரு பொருளைப் பறிப்பதை அவர் ஆயுளில் பார்த்திருக்கமாட்டார்.

மாமா திரும்பி வந்தார். முகமெல்லாம் வேர்வை. நேராக வந்து புத்தகத்தை மூடினார்.

"அரபாப், இந்த மிஷின்ல ஒரு சாமான் குறையுது. அது இல்லாம ஓடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. மாஃபி ஃபாய்தா, பிரயோஜனம் இல்ல. கலாஸ்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படி எதுவும் போடலையே மாமா!" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. தமிழ் தெரியாவிட்டாலும் என் குரல் அரபாபுக்குப் புரிந்திருக்கவேண்டும். குனிந்து, தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் கேட்டார், புத்தகம் அப்படிச் சொல்கிறதா என்று.

எழுத்து விடாமல் வாசிக்கச் சொன்னவர் மாமாதான். பள்ளிக்கூடத்திலும் உண்மையே பேசு என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "நோ சார்" என்றேன்.

அரபாப் நிமிர்ந்து மாமாவை நெடுநேரம் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு டப்பாவைத் தானே மூடினார். எனக்கு ஒரு பேரீச்சம்பழப் பெட்டி கொடுத்தார். மாமாவிடம் அரபியில் ஏதோ சொன்னார். அதன் நடுவே இங்கிலீஷில் வந்த "லீவு" என்ற வார்த்தை மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

காரில் நான் அழுகிற நிலைமையில் இருந்தேன். "இன்னும் கொஞ்சம்தானே மாமா இருந்துச்சு? ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பெல்ட்டைப் போடு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் சட்டையைக் கழற்றிய அம்மா, காலருக்குக் கீழே கடுகளவுக்கு ஒரு கரிந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார். "என்னடா இது?"

"என் சிகரெட்டு பட்டுருச்சுக்கா" என்றார் மாமா.

"நீ எப்படா சிகரெட்டு குடிக்க ஆரம்பிச்ச?" என்று அம்மா பிடித்துக்கொண்டார். மாமா வாயே திறக்காமல் திட்டு வாங்கினார். அவருடைய வலது உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது. அதைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். சிகரெட்டே குடிக்காத மனிதர். ஒரே நாளில் இரண்டாவது பொய். எனக்கு அவரிடம் பேசவே பிடிக்கவில்லை.

பொய் சொல்கிற டிரைவருக்கு இப்போது லீவு கிடையாது, தன் மகன் விடுமுறைக்கு வந்தபிறகு பார்க்கலாம் என்று அரபாப் சொல்லிவிட்டார். ஊரில் பெண்பிள்ளை பிறந்தது. அந்த வாரம் அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினார். மாமா, "அரபாபுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் விடமாட்டேங்குறாரு" என்றார். அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"தங்கம், நீயாவது சொல்லுடா. ஒங்க மாமா ஏன் வரல?"

அவர் குரல் கம்மியிருந்தது. பின்னால் பாப்பா அழுதுகொண்டிருந்தது. இந்த அத்தையிடம்கூடப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"மாமா அரபாப்கிட்ட பொய் சொல்லிட்டாரு அத்தை. அதான் லீவு குடுக்கல" என்றேன்.

மாமா கட்டுப்போட்ட கையால் போனை வாங்கிக் காதில் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"ஆமா, அவன் சொல்றது நெசந்தான்" என்றார். "சரி, அத வுடு. பாப்பாவ காதுகிட்ட வை."

ஒரு வழியாக மாமா இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நிம்மதியோடு நான் ஆட்டுக்குட்டி படம் வரையப் போய்விட்டேன். எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னார் என்று அவரிடம் கேட்கவேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.