லிஃப்ட்காரர் சொன்ன போற்றி

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சாமி பக்தி வந்ததே மனைவி போன பிறகுதான். அதுவரை அந்த இலாகா முழுக்க அவளுடையது. தினமும் காலையில் விளக்கேற்றி, முருகனுக்கு நூற்றெட்டுப் போற்றி சொல்வாள். இவர் அந்த நேரம் பார்த்துத்தான் சாக்ஸைத் தேடுவார்.

அவள் போன மறுவாரம், செல்போனில் அவள் பதிவு செய்து வைத்திருந்த போற்றி கையில் அகப்பட்டது. மனுஷன் பிடித்துக்கொண்டார்! காதில் மாட்டி, அவள் குரலோடு சேர்ந்து சொல்லிக்கொண்டேதான் வேலை பார்ப்பார். ஒருநாள் பாதி மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர், தலைக்கு மேலிருந்து 'போற்றி, போற்றி' என்று குரல் வரவும், தன் கதை முடிந்ததென்றே நினைத்து வீட்டுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார். பாவம்!

முதல் வருஷ நினைவு நாளுக்கு அக்கா வந்து இறங்கினாள். அக்காவிடம் யாருடைய ஜம்பமும் பலிக்காது.

"இன்னைக்குப் போன் வேண்டாம். அவளுக்காக உன் வாயால சொல்லுடா."

"தனியா சொன்னதே இல்லக்கா. பாதியிலேயே உடைஞ்சு போயிடுவேன்."

"அதெல்லாம் பாத்துக்கலாம். உட்காரு."

உட்கார்ந்தார். அவளுக்கென்று செய்கிற ஒரே காரியம். இதையும் கோட்டை விட்டால் நாம் என்ன மனுஷன்? பக்கத்தில் மகள், எதிரே மனைவியின் படம். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தார். இருபது, ஐம்பது என்று தடங்கலே இல்லாமல் போனது. அக்காவே அசந்துபோனாள். அறுபத்து மூன்றாவது போற்றியை முடித்து, அதே மூச்சில் கணீரென்று தொடர்ந்தார்:

"என்னங்க, பால் பொங்குது, அடுப்பை அணைங்க! எத்தனை தடவை சொல்றது!"

பதிவில் அந்த இடத்தில் அவள் அப்படித்தான் கத்தியிருந்தாள். ஒரு வருஷமாகக் கூடவே சொல்லிச் சொல்லி, அதுவும் போற்றியோடு போற்றியாக மனப்பாடமாகிவிட்டது. மெக்கானிக்குக்கு முகம் வெளிறியது. மானமும் போச்சு, பூஜையும் போச்சு! அக்கா பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

மகள் தன்னை அறியாமல் பதில் சொன்னாள்:

"அணைச்சாச்சும்மா."

சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அக்கா பக்கென்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மகளும் தேம்பினாள்.

"அழுறதெல்லாம் அப்புறம் வெச்சுக்குங்க. இன்னும் நாப்பத்தஞ்சு இருக்கு" என்று இருவரையும் அதட்டிவிட்டு, மெக்கானிக் அடுத்த போற்றியைத் தொடங்கினார்.