பழியை லைட்டின் மேல் போட்டேன்

எனக்குப் பயம் ரொம்பச் சுலபத்தில் வரும். போட்டோ பூத் வைத்துப் பிழைக்கிறவளுக்கு மண்டபத்தில் பயப்படக் காரணமா இல்லை? கரண்ட் போகும், பிரிண்டர் மக்கர் பண்ணும், சாப்பிட்டுக் கை கழுவாத கூட்டம் பூச்சட்டத்தைப் பிடித்து ஆட்டும். இந்தப் பயமெல்லாம் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்தால் போய்விடும். திண்டிவனத்தில் அந்தக் காதுகுத்தில் பிடித்த பயம் அப்படிப் போகவில்லை.

பெண் குழந்தை, ஒன்றரை வயசு இருக்கும். காலையில் திருவக்கரை அம்மன் கோயிலில் மொட்டை போட்டு, நேராக மண்டபத்துக்குத் தூக்கி வந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவதற்கு முன்னாலேயே சிரித்த முகமாக ஒரு படம் வேண்டும் என்றாள் அம்மாக்காரி. குத்திய பிறகு எந்தக் குழந்தை சிரிக்கும்? மண்டபத்தில் வோல்டேஜ் இல்லை. என் வட்ட விளக்கு மினுக் மினுக்கென்று உயிரை வாங்கியது. எரிச்சலில் அதை அணைத்துவிட்டு, கேமரா மேலேயே ஃபிளாஷை மாட்டி எடுத்தேன். மொட்டையில் பூசிய ஈரச் சந்தனம் பளபளத்துப் படத்தைக் கெடுக்குமே என்பதுதான் என் கவலை.

பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தனம் நன்றாகத்தான் வந்திருந்தது. குழந்தையின் வலது கண்ணில் ஃபிளாஷ் போட்டால் எல்லாருக்கும் வருகிற சிவப்பு. இடது கண் வெள்ளையாக இருந்தது.

ஒரு கண் மட்டும் இப்படி வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே கட்டி இருக்கலாம், உயிருக்கே ஆபத்து என்று ஒரு கண் டாக்டர் பேசிய வீடியோவை நான் போனில் பார்த்திருக்கிறேன். அதை ஏன்தான் பார்த்தேனோ! இல்லை, இது லைட்டின் கோளாறு. லைட்டாகத்தான் இருக்கணும், தாயே. குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி உட்கார வைக்கச் சொன்னேன். அதே கண். பின்னால் தொங்கிய ஜிகினாத் துணியைக் கழற்றினேன். லென்ஸை முந்தானையால் துடைத்தேன். அதே கண். கடைசியில் ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி எடுத்தேன். வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் போகாததால் இரண்டு கண்ணும் கறுகறுவென்று அழகாக வந்தன. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இன்னும் பயந்தேன். அதை பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"இன்னாத்துக்குக்கா இத்தினி எடுக்கறீங்க? பாப்பா அழுதுடப் போவுது" என்று அம்மாக்காரி எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கண் படத்தைப் பார்த்ததும் சிரித்தாள். "இதுவா? என் போன்லயும் இப்டித்தான் வருது. பூனைக்கண்ணுன்னுதான் வீட்ல கூப்புடுவாங்க. அம்மன் குடுத்த அதிர்ஷ்டம்னு எங்க மாமியா சொல்லிக்கினு இருக்காங்க."

மேளக்காரர்கள் வேறு ஆரம்பித்துவிட்டார்கள். மேளத்துக்கு மேல் குரல் எடுத்துச் சொன்னேன்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. கண்ணு டாக்டருகிட்ட ஜல்தியா இட்டுக்கினு போயிடு. நாளைக்கே போ."

பக்கத்தில் நின்ற தாய்மாமன் காதில் விழுந்துவிட்டது. "இன்னாம்மா, போட்டோ எடுக்க வந்தியா, ஜோசியம் சொல்ல வந்தியா? நல்ல காரியத்துல வாய வெக்காத. லைட்டு சரியில்லன்னு ஒத்துக்கினு போவியா..."

"லைட்டா இருந்தா வந்து என்னைச் செருப்பால அடிங்க" என்று நானும் கத்திவிட்டேன். கத்தியதே பயத்தில்தான். அம்மாக்காரி முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

சில வாரம் கழித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். நான் பயந்ததேதான். மறுநாள் ஆபரேஷன்; அந்தக் கண்ணை எடுத்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ரெண்டு கண்ணோட ஒரு போட்டோ எடுத்துக் குடுங்கக்கா. வெள்ளையா மட்டும் தெரியக் கூடாது."

ஃபிளாஷைத் தொடவே இல்லை. ஜன்னலோரம் பாயைப் போட்டு உட்கார வைத்தேன். நிழல் விழுந்த பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன், வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பட்டும் என்று. காதில் பொடித் தோடு, மொட்டையில் புது முடி. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம், சத்தியமாக.

பிரிண்டைக் கையில் வாங்கியவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானேக்கா கீது?" என்றாள். "ஒண்ணுமே தெரியலையே. வீட்லயும் எல்லாரும் ஆபரேஷன் வேணாம்னுதான் சொல்றாங்க. டாக்டருங்க தப்பா சொல்லியிருந்தா?"

என்னை நானே திட்டிக்கொண்டேன். அடிப்பாவி, நல்ல படம் எடுக்கிறேன் என்று இந்தப் பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கிறாயே! ஜன்னலைச் சாத்தினேன். ஃபிளாஷை மாட்டி, நேராக முகத்துக்கு எதிரே பிடித்து எடுத்தேன். காட்டினேன். வெள்ளை முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து விளையாடியது.

"இத பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றாள்.

"இதையா?"

"இதத்தான். யாராச்சும் வேணாம்னு சொன்னா நான் இதப் பாத்துக்கணும்."

போட்டுக் கொடுத்தேன். பாயில் கிடந்த அந்த நல்ல படத்தையும் எடுத்து நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. அதப் பாத்துக்கினு இருந்தா நாளைக்கு நான் போவ மாட்டேன்."