எண்ணெய்க்கு அடியில் ரத்தம்

1938 மார்ச் 14, திங்கட்கிழமை. ஏழரைக்கு ஆய்வறையைத் திறந்தேன். குழாய்களைக் கழுவி, பாதரசத்தை மெல்லிய ஆட்டுத்தோலில் வடிகட்டி, அறையின் வெப்பத்தைக் குறித்தேன்: 29 டிகிரி. சேலத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ரத்தத்திலுள்ள வாயுவை அளக்கும் கண்ணாடிக் கருவி ஒன்றுதான் இருந்தது. அதைத் தொடுபவன் நான் ஒருவன்தான்.

எட்டு மணிக்கு, நீரிழிவு முற்றிப் படுத்திருந்த ஜலகண்டாபுரத்து நெசவாளியிடம் ரத்தம் எடுத்தேன். காற்றுப் பட்டால் கரியமில வாயு கசிந்துவிடும். அதனால் குழாயில் பாரபின் எண்ணெய்க்கு அடியில் ரத்தத்தை விட்டு, தக்கை போட்டேன். அடுத்த வார்டில் கூப்பிட்டார்கள். குழாயை அவர் கட்டிலருகே ஜன்னலில் வைத்துவிட்டுப் போனவன், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்து எடுத்தேன்.

ரத்தத்தோடு அமிலம் சேர்த்துப் பாதரசத்தைக் கீழே இறக்கினால் மேலே வெற்றிடம் உண்டாகும். அதில் ரத்தம் நுரைத்துத் தன் வாயுவை விட்டுவிடும். அந்த நுரை எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. அன்றைய அளவு முப்பத்தாறு. முந்தைய நாள் நாற்பத்து நான்கு. மறுபடி செய்தேன், அதே முப்பத்தாறு. சீட்டில் எழுதி டாக்டருக்கு அனுப்பினேன்.

நாற்பதுக்குக் கீழே போனால் ரத்தத்தில் அமிலம் மிகுந்து மூச்சிரைக்கும்; அதை முறிக்க டாக்டர் நரம்பில் சோடா உப்புக் கரைசல் ஏற்றுவார். தேவையில்லாமல் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் காலையில் அந்த மனிதர் மூச்சிரைக்காமல் பேசினாரே? மிச்ச ரத்தம் இருந்த குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். எண்ணெயைக் காணோம். கைப்பழக்கத்தில் நான் கவனிக்கவே இல்லை.

வார்டுக்கு ஓடினேன். டாக்டர் சோடாவைத் தயார் செய்யச் சொல்லியிருந்தார். கட்டிலருகே நெசவாளியின் மனைவி.

"அம்மா, குழாயைத் தொட்டீங்களா?"

"ஆமாங்க சாமி. ரத்தத்து மேல எண்ணெ உழுந்து கெடந்துச்சுங்க. பஞ்சுல ஒத்தி எடுத்துட்டேன். மூடி வெச்சா ஊசிப்போயிருமேன்னு காத்தாடத் தொறந்து வெச்சேனுங்க. நீங்க வார சத்தங் கேட்டுத்தான் மூடுனேன்."

படுத்திருந்தவர் சிரித்தார். "சீலைல எண்ணெக் கறை பட்டாலே உடமாட்டாளுங்க. எம்பட ரத்தத்த உடுவாளா?"

"ஏனுங்க, உசுரு போற நேரத்துல கேலியா!" என்றாள் அவள்.

குழாயை அங்கே விட்டுப் போனது என் பிழை என்று டாக்டரிடம் சொன்னேன். "அரை மணி நேரம் பொறுக்கிறேன்" என்றார். புதிதாக எடுத்த ரத்தம் நாற்பத்தேழு காட்டியது. சோடா ஏற்றவில்லை.

மறுநாள் காலை ஆய்வறையைத் திறப்பதற்கு முன்பே வார்டுக்குப் போய் ரத்தம் எடுத்தேன். குழாயைக் கையைவிட்டு இறக்காமல் நடந்தேன். "எண்ணெ மேல இருக்குதுங்களா, சாமி?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் வாசல்வரை கூட வந்தாள்.