என் பெயரில் வாங்கிய சொறி மருந்து

நாயை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்காகச் சல்லிக்காசு செலவழிக்க மாட்டேன் என்று சொல்லித்தான் அப்பா மோத்தியை வீட்டுக்குள் விட்டார். அப்போது நாங்கள் புனேயில், நிக்டியில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு எட்டு வயது. ஒரு வருஷம் அப்பாவின் கொள்கைக்கு எந்தப் பங்கமும் வரவில்லை. மிச்சமான சப்பாத்தியைத் தின்றே மோத்தி கொழுகொழுவென்று வளர்ந்தது. பிறகு அதற்குச் சொறி வந்தது.

காது நுனியில் ஆரம்பித்து முழங்கைக்குப் பரவி, வயிற்றில் முடியெல்லாம் கொட்டிப்போயிற்று. அது சொறிகிற வேகத்தில் கதவு தடதடவென்று ஆடும். அம்மா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா ரிக்‌ஷால ஏத்திக் கொண்டுபோயி ஹைவேக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துருவேன்."

அம்மா சொன்னால் செய்கிறவள். நான் அன்று சாப்பிடவில்லை.

அப்பா கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தினார். ஸ்கூட்டரில் மோத்தியை முன்னால் நிற்க வைத்து, என்னைப் பின்னால் உட்கார வைத்து, புனே கேம்ப் பகுதியில் இருந்த நாய் டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் மோத்தியை எடை போட்டார். பதினாலு கிலோ. மேலுக்குத் தடவ ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். ஃபீஸைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மருந்துக் கடையில் விலையைக் கேட்டவர், சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வீடு திரும்பும் வழியில், பிம்ப்ரி தாண்டியதும் சொன்னார்.

"ஏட்டி, இதே மருந்த நம்ம கம்பெனி டிஸ்பென்சரில சும்மா குடுக்காங்க. மனுசனுக்குச் சொறி வந்தாலும் இதத்தான் தடவுதாங்க."

சும்மா கொடுப்பது உண்மைதான். ஆனால் கம்பெனி கொடுத்த குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். நோயாளியும் நேரில் வர வேண்டும். அட்டையில் அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பெயர்கள். தனக்கே சொறி என்று சொன்னால் தொழிற்சாலையில் ஒருவரும் பக்கத்தில் நிற்க மாட்டார்கள் என்று அப்பா பயந்தார். அம்மாவிடம் கேட்கிற துணிச்சல் அவருக்குக் கிடையாது. கம்பெனிப் பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்து வராத மனுஷர், கடைசியில் என்னைப் பார்த்தார்.

நன்றாகச் சொறியத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதைக் கற்றுக்கொள்ள நான் எங்கே போக வேண்டும்? அன்று சாயங்காலம் முழுக்க மோத்திக்கு எதிரில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகினேன்.

டிஸ்பென்சரி டாக்டர் வயதான மராத்திக்காரர். எங்களிடம் ஹிந்தியில் பேசுவார். எங்கே அரிக்கிறது என்று கேட்டார். நான் காதுக்குப் பின்னால் பரபரவென்று சொறிந்துவிட்டுத் தலையை ஒரு உதறு உதறினேன். காது நுனி, முழங்கை, வயிறு என்று வரிசையாக ஒப்பித்தேன். அவர் என் விரலிடுக்குகளைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. என் கவுனில் ஒட்டியிருந்த வெள்ளை முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எடை எவ்வளவு என்று அப்பாவைக் கேட்டார்.

"சௌதா கிலோ" என்றார் அப்பா, பதற்றத்தில். பதினாலு கிலோவாம். நான் அப்போது இருபத்திநாலு கிலோ, பார்த்தாலே தெரியும்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம், மோத்தியை இனி ரிக்‌ஷாவில்தான் ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல் இன்னும் பலமாகச் சொறிந்தேன்.

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வந்தார். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, சரிபாதி தண்ணீர் கலந்து தடவ வேண்டுமாம். காய்கிற வரைக்கும் நக்கவிடக் கூடாதாம். கழுத்தைச் சுற்றி ஒரு அட்டையைக் கட்டி வைத்தால் ரொம்ப நல்லதாம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஒன்றும் பாப்பா இல்லை, மருந்தையெல்லாம் நக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கறாராகச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அப்பா தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் எனக்கு ஒரு வடா பாவ் வாங்கிக் கொடுத்தார். என் நடிப்புக்கு இரண்டு கொடுத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மோத்தி சொறிவது பாதியாகக் குறைந்துவிட்டது. அம்மா ரிக்‌ஷா பேச்சையே எடுக்கவில்லை. முடி வளரத்தான் ஒரு மாதம் ஆனது.

அப்போது ஒரு சாயங்காலம், வாக்கிங் போகிற வழியில் டாக்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். நான் ஓடிப்போய் முகம் கழுவி, தலை சீவி, கைகள் இரண்டையும் நீட்டியபடி வந்து நின்றேன். அதற்குள் அவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மோத்தியின் காதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "பஹுத் அச்சா" என்றார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். கிளம்பியும் போய்விட்டார்.

என் கையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எங்கள் நாயிடம் காட்டிய அக்கறையில் கால்வாசியாவது தன்னுடைய சொந்த நோயாளியிடம் காட்டியிருக்கலாமே என்று எனக்கு ரொம்ப நாள் மனத்தாங்கல்.