ஒரே டப்பாச் சோறு

என் வக்கீல் விலைபோய்விட்டார் என்றுதான் நம்பினேன். குடிபாலாவில் நான் குடியிருக்கும் வீடு தன்னுடையதென்று ஒருவர் கேஸ் போட்டிருந்தார். அவருடைய வக்கீல் அவருக்குச் சொந்த மச்சான். அந்த மச்சானோடுதான் என் வக்கீல், சித்தூர் கோர்ட்டு மரத்தடியில், ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடனே மனைவிக்குப் போன் போட்டு மூட்டை கட்டச் சொன்னேன். மிக்ஸியை முதலில்.

என் வக்கீல் வேலூரிலிருந்து பிழைக்க வந்த ஒல்லி மனிதர். ஜாமீன், விவாகரத்து, மாடு முட்டிய கேஸ் என்று உள்ளூர் வக்கீல்கள் தள்ளிவிட்டதெல்லாம் அவருக்குத்தான் வரும். முதுகுக்குப் பின்னால், தெலுங்கில் ‘அரவ வக்கீலு’, அதாவது தமிழ் வக்கீல், என்று கேலி செய்வார்கள். அந்த மச்சானின் டப்பா மூடியில் சாப்பிட்டு, அதைக் கழுவி, கைக்குட்டையால் துடைத்தே திருப்பித் தருவார்.

“இன்னா சார், அவருகூட ஒண்ணா துன்னுக்கினு கீறீங்க?”

“கேஸு உன்னுது நைனா, பசி எங்களுது. இந்த ஊர்ல என்னைக் கூப்பிட்டுச் சோறு போடற ஒரே ஆளு அவன்தான்.”

“அப்ப என் வூடு?”

அவர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பில் வீடு எனக்கே வந்தது. மறுநாள் நன்றி சொல்லப் போனேன். மரத்தடியில் அந்த மச்சான் தனியாக டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். என் வக்கீல் கோர்ட்டு வாசலில் நின்றபடி பன் தின்றுகொண்டிருந்தார்.